‘எல்லாம் சரி’ என்று கிட் சொன்னாலும் ஒருமுறை ஃபெட்ச் செய்யுங்கள்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பகுதிப் பள்ளிகளில் கணினி அறிவியல் கற்பிக்கும் நாங்கள் நான்கு பேர், பன்னிரண்டாம் வகுப்புப் பைத்தான் செய்முறை நிரல்களையும் விடைக்குறிப்புகளையும் ஒரே களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம். பயன்படுத்துவது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் பணிக்காக உருவாக்கிய ‘கிட்’. முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருப்பதால், திருத்திச் சேமிக்க இணையம் வேண்டாம். எங்களில் ஒருவர் புறநகர் ரயிலில் மீஞ்சூர் தாண்டுவதற்குள் இரண்டு நிரல்களைத் திருத்திவிடுவார்.

வசதி இதுதான், வம்பும் இதுதான். ரேஞ்ச்(1, 10) என்றால் 9 வரைதான் அச்சாகும். பழைய விடைக்குறிப்பில் 10 வரை என்றிருந்ததை ஒருவர் திருத்திச் சர்வருக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு பள்ளியில் பழைய தாளே அச்சாகிப் பிள்ளைகள் கைக்குப் போனது. சரியாக எழுதியவர்களும் தம் நிரலைத் தவறென்று நினைத்து மாற்றினார்கள். அந்த வகுப்பில் பலர் சிப்காட் தொழிலாளர்களின் பிள்ளைகள். வீட்டில் கணினி கிடையாது. அவர்களுக்கு ஆய்வகப் பாடவேளை ஒன்று வீணாவது சிறிய இழப்பல்ல.

அச்சிடும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பார்த்தபோது, உங்கள் கிளை ‘ஆரிஜின்/மெயின்’ உடன் ஒத்திருக்கிறது என்றே வந்தது. கிட் பொய் சொல்லவில்லை. சர்வரில் ஒரு மெயின் கிளை, நம் கணினியில் ஒரு மெயின் கிளை. மூன்றாவதாக நம் கணினியிலேயே ‘ஆரிஜின்/மெயின்’ என்றொரு குறிப்பு உண்டு. அது, அறிவிப்புப் பலகையைப் போன வாரம் கைபேசியில் படமெடுத்து வைத்ததைப் போன்றது. ஸ்டேட்டஸ் அந்தப் படத்தோடுதான் ஒப்பிடுகிறது, சர்வரைக் கேட்பதில்லை.

புதுப் படம் எடுப்பதுதான் ‘கிட் ஃபெட்ச்’. அது நம் கோப்பு எதையும் தொடாது. அதன்பின் ஸ்டேட்டஸ் பார்த்தால் எத்தனை கமிட் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியும். ‘கிட் புல்’ என்பது ஃபெட்ச் செய்து, வந்ததை நம் கிளையில் சேர்த்தும் விடுவது. பலர் கைபடும் ஆய்வகக் கணினியில் முதலில் ஃபெட்ச், என்ன வந்தது என்று ‘லாக்’ பார்த்தபின் புல் என்பதே என் வழக்கம்.

இருவரும் திருத்தியிருந்தால், பிந்தியவரின் ‘புஷ்’ மறுக்கப்படும். எரிச்சலாக இருந்தாலும் அது நமக்குக் காவல். புல் செய்துவிட்டு மீண்டும் புஷ் செய்தால் போதும். பொதுக் கிளையில் ‘ஃபோர்ஸ்’ போட்டால் மற்றவர் உழைப்பு சர்வரிலிருந்து மறைந்துபோகும். ஒரே வரியை இருவரும் மாற்றியிருந்தால் கிட் இரண்டையும் குறியிட்டுக் காட்டி நின்றுவிடும். அப்போது தொலைபேசியில் பேசிக்கொள்வதுதான் வழி.

சர்வரில் நீக்கிய கிளைகளின் பழைய குறிப்புகளும் நம்மிடம் தங்கியிருக்கும். ‘ஃபெட்ச்’ உடன் ‘ப்ரூன்’ சேர்த்தால் அவை போய்விடும். நாம் உருவாக்கிய உள்ளூர்க் கிளை மட்டும் போகாது. அதைத் தனியே அழிக்க வேண்டும். ‘பிராஞ்ச்’ கட்டளையில் சிறிய ‘டி’ போட்டால், இணைக்காத வேலை மிச்சமிருக்கும்போது அழிக்க மறுக்கும். பெரிய ‘டி’ கேட்காமல் அழித்துவிடும்.