பின் நம்பர் போட்டால் பணம் வராது

'2025 அக்டோபர் 1 முதல் யூ.பி.ஐ. நின்றுவிடுமாமே?' டெல்லியின் மயூர் விஹாரிலிருந்தும் கரோல் பாக்கிலிருந்தும் அப்போது வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்டன. நிற்கவில்லை. நின்றது தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' மட்டும். 2025 ஜூலை 29 அன்று, யூ.பி.ஐ.-யை நடத்தும் என்.பி.சி.ஐ. அனுப்பிய சுற்றறிக்கை சொன்னது அவ்வளவே.

இந்தக் கலெக்ட் கொஞ்சம் விசித்திரமான ஏற்பாடாக இருந்தது. வழக்கமாகப் பணம் தருபவர்தான் தொடங்குவார். இதில் வாங்குபவர் தொடங்கினார். ஹோட்டல் பில்லைப் பங்கிடவும், கைமாற்றை நினைவூட்டவும் நினைத்துச் செய்தது. உங்கள் போனில் கோரிக்கை வந்தது, பின் நம்பர் போட்டால் பணம் போய்விட்டது. மோசடிக்காரர் செய்ததெல்லாம், குறிப்பு எழுதும் இடத்தில் 'ரீஃபண்ட்' என்று எழுதிவிட்டு, "பணம் வர பின் போடுங்க சார்" என்று போனில் சொன்னதுதான். பூட்டை அவர் தொடவே இல்லை, வீட்டுக்காரரே திறந்துவிட்டார். வங்கியிடம் போனால், 'நீங்கள்தானே அனுமதித்தீர்கள்' என்பார்கள். ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் என்று என்.பி.சி.ஐ. வரம்பு கட்டிப் பார்த்தது. மோசடிக்காரர்கள் பல தடவை கேட்டு வாங்கினார்கள்.

கலெக்ட்டை மூடியதைப் 'பாதுகாப்பு நடவடிக்கை' என்றார்கள். ஒப்புக்கொள்ளலாம், பாதி அளவுக்கு. 2021 பிப்ரவரியில் அப்போதைய டெல்லி முதல்வரின் மகளே ஏமாந்தார். பழைய சோபாவை இணையத்தில் விற்கப் போட்டிருந்தார். 'வாங்குபவர்' முதலில் சிறு தொகை அனுப்பி நம்பவைத்தார், பிறகு கியூ.ஆர். கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்ததில் போனது 34,000 ரூபாய். கியூ.ஆர். வழி அக்டோபர் 1-க்குப் பிறகும் திறந்தேதான் இருக்கிறது.

கடிதங்களில் வேறு கேள்விகளும் இருந்தன. கடைகள், ரயில் டிக்கெட்? இந்த உத்தரவு வணிகர்களைத் தொடவில்லை.

நண்பரிடம் எப்படிக் கேட்பது? வாயால் கேளுங்கள்; அவர் அனுப்பட்டும்.

பேலன்ஸ் பார்க்க வரம்பா? ஆமாம், 2025 ஆகஸ்ட் 1 முதல் ஒரு செயலியில் நாளுக்கு 50 முறை. அதற்கு மேல் பார்ப்பவருக்கு வேறு கவலை இருக்க வேண்டும்.

கட்டணம் வருமா? வங்கிக் கணக்கிலிருந்து யூ.பி.ஐ. வழியாக வாங்கும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம்கூடக் கட்டணம் இல்லை. 'இலவசம்' என்பது அரசின் சொல். 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள், அதன் செலவில் ஒரு பங்கு ஊக்கத்தொகையாக நம் வரிப்பணத்திலிருந்தே போகிறது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.