வெளிப்பொருத்தும் இயந்திரத்தின் குதிரைத்திறனும் சிறு மீன்பிடிப் படகின் வேகமும்

வெளிப்பொருத்தும் இயந்திரம் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் உந்து இயந்திரம் ஆகும். இது அவுட்போர்டு மோட்டார் என்றும், இலங்கையில் வெளியிணைப்பு இயந்திரம் என்றும் அழைக்கப்படுகிறது. இதன் ஆற்றல் குதிரைத்திறன் (எச்.பி.) என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. குதிரைத்திறன் கூடினால் வேகமும் அதே விகிதத்தில் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் குதிரைத்திறனை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாவதில்லை. படகின் நீளம், மொத்த எடை, அடிப்பகுதியின் வடிவம், விசிறியின் அளவு ஆகியவை சேர்ந்தே வேகத்தை முடிவு செய்கின்றன. சிறுதொழில் மீனவரின் அன்றாடச் செலவில் எரிபொருளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் இந்தத் தொடர்பு அவர்களின் வருவாயை நேரடியாகப் பாதிக்கிறது.

அலகுகள்

ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 746 வாட். கடலில் தொலைவு கடல் மைலில் அளக்கப்படுகிறது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட் எனப்படும்.

சந்தையில் 9.9 குதிரைத்திறன் என்ற விந்தையான அளவு காணப்படுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பல ஏரிகளில் 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்குத் தடை இருப்பதால், அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி இந்த அளவு அமைக்கப்பட்டது. பல தயாரிப்புகளில் 9.9, 15 ஆகிய இரு அளவுகளுக்கும் இயந்திரத்தின் உடல் ஒன்றே. கார்புரேட்டர் போன்ற சில பாகங்களே வேறுபடும்.

படகு ஓடும் இரு முறைகள்

1. நீரை விலக்கி ஓடுதல்

மெதுவாகச் செல்லும் படகு தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கிக்கொண்டு செல்கிறது. அப்போது முன்பகுதியான அணியத்தில் ஓர் அலையும் பின்புறத்தில் ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட இந்த அலையின் நீளமும் கூடுகிறது. அலையின் நீளம் படகின் நீர்மட்ட நீளத்துக்குச் சமமாகும்போது படகு இரு முகடுகளுக்கு இடையே சிக்கியதுபோல் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் வேகம் வேண்டுமானால் படகு தன் முன்னலையின் மீதே ஏற வேண்டும்.

இந்த எல்லை வேகத்தைக் கணக்கிட எளிய வாய்பாடு உள்ளது: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வேகம் நாட் அளவில் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 25 அடி உள்ள படகுக்கு இது 6.7 நாட், 16 அடி உள்ள படகுக்கு ஏறத்தாழ 5.4 நாட். ஒரே குதிரைத்திறனில் நீளமான வள்ளம் குட்டையான படகை முந்துவதற்கு இதுவே காரணம்.

இந்த எல்லைக்குக் கீழே, தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தை 5 நாட்டிலிருந்து 6 நாட்டாக உயர்த்தத் திறன் 1.7 மடங்கு தேவைப்படும். எல்லையை நெருங்கும்போது இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தாகும்.

2. நீர்மேல் வழுக்கி ஓடுதல்

தட்டையான அடிப்பகுதியும் குறைந்த எடையும் கொண்ட படகுக்குப் போதிய திறன் கிடைத்தால், அது முன்னலையைத் தாண்டி எழுந்து நீரின் மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கும். இந்த நிலையில் மேற்கண்ட எல்லை பொருந்தாது. ஒரு குதிரைத்திறனுக்கு எத்தனை கிலோ எடை என்பதே இங்கு முக்கியம். பொதுவாக 25 கிலோ அளவில் இருந்தால் படகு எளிதாக எழும். 50 கிலோவை நெருங்கினால் எழுவது கடினம்.

வழுக்கி ஓடும் படகின் வேகம், குதிரைத்திறனை எடையால் வகுத்து வரும் ஈவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுகிறது. குதிரைத்திறன் இரட்டிப்பானால் வேகம் 1.4 மடங்காகும், வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் குதிரைத்திறன் நான்கு மடங்காக வேண்டும்.

கணக்கீட்டு எடுத்துக்காட்டுகள்

18 அடி நீளமுள்ள இலகுவான கண்ணாடியிழைப் படகு ஒன்று, ஆட்கள், இயந்திரம், எரிபொருள் உட்பட 600 கிலோ எடையுடன் அமைதியான நீரில் ஓடுவதாகக் கொண்டால் வேகம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

- 15 குதிரைத்திறன்: 14 நாட்
- 25 குதிரைத்திறன்: 18 நாட்
- 40 குதிரைத்திறன்: 22 நாட்

அதே படகில் வலையும் மீனும் பனிக்கட்டியும் ஏறி மொத்த எடை 1,200 கிலோ ஆனால், 25 குதிரைத்திறனில் வேகம் 13 நாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். கரையிலிருந்து வெறும் படகாகப் போகும்போது கிடைத்த வேகம் மீனோடு திரும்பும்போது கிடைக்காததன் காரணம் இதுவே.

28 அடி நீளமும் வலைகளுடன் 2 டன் எடையும் கொண்ட கண்ணாடியிழைப் படகின் நிலை வேறு. இதில் 9.9 குதிரைத்திறன் இயந்திரம் ஏறத்தாழ 6 நாட் தரும். 25 குதிரைத்திறன் இயந்திரம் பொருத்தினாலும் ஒரு குதிரைத்திறனுக்கு 80 கிலோ எடை இருப்பதால் படகு எழாது. வேகம் சில நாட் மட்டுமே கூடும். எரிபொருள் செலவோ இரண்டரை மடங்காகும்.

எரிபொருள் செலவு

முழுத் திறனில் ஓடும் இரு வீச்சுப் பெட்ரோல் இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எரிக்கும். நான்கு வீச்சு இயந்திரத்துக்கு இதைவிடக் குறைவு. டீசல் இயந்திரத்துக்குக் கால் லிட்டர் அளவே போதும். கோரமண்டல் கரையில் நீண்ட தண்டு பொருத்திய டீசல் இயந்திரங்கள் புழக்கத்தில் இருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

மேற்சொன்ன 28 அடிப் படகு 12 கடல் மைல் தொலைவில் உள்ள மீன்பிடி இடத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். 6 நாட் வேகத்தில் 9 குதிரைத்திறன் பயன்பட்டால், 2 மணி நேரத்தில் 9 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 5 நாட் வேகத்தில் சுமார் 5.2 குதிரைத்திறன் போதும். பயணம் 2 மணி 24 நிமிடம் எடுக்கும், செலவு ஏறத்தாழ 6.3 லிட்டர். 24 நிமிடத் தாமதத்துக்கு ஈடாக ஒருவழிப் பயணத்தில் 2.7 லிட்டர் மிஞ்சுகிறது. குறைந்த விசையில் இயந்திரத்தின் சிக்கனம் சற்றுக் குறைவதால் உண்மையான சேமிப்பு இதைவிடச் சிறிது குறையலாம்.

விசிறியின் பங்கு

இயந்திரத்தின் திறன் நீரைச் சேர்வது புரொப்பெல்லர் எனப்படும் விசிறி வழியாகவே. விசிறி ஒரு சுற்றில் நழுவாமல் முன்னேறக்கூடிய தொலைவு பிட்ச் எனப்படும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடும் இயந்திரத்தில் பல்சக்கர விகிதம் 2:1 என்றால் விசிறி 2,500 முறை சுற்றும். பிட்ச் 9 அங்குலம் எனில் கோட்பாட்டு வேகம் 18.5 நாட். உண்மையில் நீரில் நழுவல் இருப்பதால் வேகம் இதைவிடக் குறையும்.

பளுவான படகில் பெரிய பிட்ச் கொண்ட விசிறியைப் பொருத்தினால் இயந்திரம் உரிய சுற்றை எட்டாமல் திணறும். புகையும் எரிபொருள் செலவும் கூடும். அத்தகைய படகுக்கு விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் உள்ள விசிறியே பொருந்தும். மடிந்த அல்லது உடைந்த இதழ், அடிப்பகுதியில் ஒட்டிய பாசி, கொட்டலசு ஆகியவையும் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றைச் சரிசெய்யாமல் பெரிய இயந்திரம் வாங்குவது வீண் செலவாகும்.

பாதுகாப்பு

9.9 குதிரைத்திறன் இரு வீச்சு இயந்திரம் ஏறத்தாழ 40 கிலோ எடை உடையது. 40 குதிரைத்திறன் இயந்திரம் 70 கிலோவைத் தாண்டும். பின்பலகை இந்த எடையையும் உந்துவிசையையும் தாங்கும்படி கட்டப்பட்டிருக்க வேண்டும். பின்புறம் தாழ்ந்தால் அலை எளிதாக உள்ளே புகும். ஆகவே படகு கட்டியவர் குறிப்பிட்ட உச்ச வரம்பைத் தாண்டி இயந்திரம் பொருத்துவது ஆபத்தானது.

எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு இருப்புக்கு என்பது படகோட்டிகளிடையே உள்ள பொதுவிதி. இயந்திரம் பெரிதானால் அதே தொலைவுக்குக் கூடுதல் எரிபொருளை ஏற்ற வேண்டியிருக்கும். அந்த எடையும் வேகத்தைக் குறைக்கும்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

இலகுவான படகில் தொலைவுக்குச் சென்று, காலை ஏலத்துக்குள் மீனைக் கரைசேர்க்க வேண்டியவர்களுக்குக் கூடுதல் குதிரைத்திறன் பயன் தரும். கரையோர அலையைக் கடக்கவும் காற்று மாறும்போது விரைந்து திரும்பவும் ஓரளவு கூடுதல் திறன் தேவை. கனமான வலைகளுடன் அருகிலுள்ள இடங்களில் மீன்பிடிப்போருக்கு எல்லை வேகத்தை எட்டவைக்கும் இயந்திரம் போதும். அதற்கு மேல் செலவிடும் திறனின் பெரும்பகுதி அலைகளை எழுப்பவே பயன்படுகிறது.