மாடிப்படி யாருடைய பொறுப்பு?

மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். ஒரு பக்கம் நான்குவழிச் சாலை, இன்னொரு பக்கம் ரயில் நிலையம். இப்படிப்பட்ட ஊர்களின் சாலையோரக் கட்டடங்களை ஏறிப் பார்த்தவர்களுக்குக் காட்சி புதிதல்ல. கீழே ஹார்டுவேர் கடை. முதல் மாடியில் பத்துப் பதினைந்து பெண்கள் வேலை செய்யும் தையல் கூடம். அதற்கு மேலே கூரியர் அலுவலகமோ கணினிப் பயிற்சி மையமோ இருக்கும். மூவரும் தனித்தனியாக அட்வான்ஸ் கொடுத்து, தனித்தனியாக வாடகை கட்டுகிறார்கள். ஆனால் மாடிப்படி ஒன்றுதான். அதன் அடியில்தான் எல்லோருக்குமான மீட்டர் போர்டு, பக்கத்தில் தண்ணீர் மோட்டார், அதை ஒட்டிக் கடைக்காரர் அடுக்கிய அட்டைப்பெட்டிகள்.

படியில் விளக்கு எரியவில்லை என்றால் வாடகைக்காரர், "ஓனரைக் கேளுங்க" என்பார். ஓனரோ, "நீங்கெல்லாம் சேர்ந்து போட்டுக்கங்கப்பா, நான் என்ன அங்கயா இருக்கேன்?" என்பார். கடைசியில் அந்த இருட்டுப் படியில் இறங்குவது, இரவு எட்டு மணிக்கு வேலை முடித்து வரும் பெண்தான்.

இந்தக் கேள்விக்குச் சட்டம் 1948-லேயே பதில் சொல்லிவிட்டது. தொழிற்சாலைகள் சட்டத்தின் 93வது பிரிவு கட்டட உரிமையாளருக்காகவே எழுதப்பட்டது. ஒரே வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்களைப் பல தொழிற்சாலைகளுக்குக் குத்தகைக்கு விட்டால், அணுகு சாலை, வடிகால், தண்ணீர், விளக்கு, சுகாதார வசதி ஆகியவை உரிமையாளர் பொறுப்பு என்றது. ஒரே கட்டடத்தில் தளம் தளமாக விட்டால் பொறுப்பு இன்னும் கூடியது. மாடிப்படியும் பொது நடைவழியும், தீத்தடுப்பு ஏற்பாடு, லிஃப்ட் பராமரிப்பு, கழிப்பறைக்கான பொதுத் தண்ணீர் ஆகியவற்றில் குறை இருந்தால், அவரே ஆலையை நடத்துபவர் என்பதுபோல் வழக்குக்கு ஆளாவார் என்றது அந்தப் பிரிவு. வாடகை வாங்குவதோடு என் வேலை முடிந்தது என்ற வாதத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை.

ஒரே கூடத்தைத் தடுத்து ஐந்து பேருக்கு வாடகைக்கு விட்டு, ஒவ்வொருவரிடமும் ஆறேழு தொழிலாளர்கள்தான் என்று கணக்குக் காட்டும் பழக்கத்தையும் அந்தச் சட்டம் முன்பே யோசித்திருந்தது. ஆள் எண்ணிக்கைக்கு முழு இடத்தையும் ஒரே தொழிற்சாலையாகக் கொள்ள வேண்டும் என்றது.

2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான, 1948 சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பின் 80வது பிரிவு இதே பொறுப்பைத் தொடர்கிறது, ஒரு மாற்றத்தோடு. பொது வசதிகளுக்கு உரிமையாளரும் அவற்றைப் பயன்படுத்தும் தொழிற்கூடத்தாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டித் தப்ப முடியாது. படியில் பெட்டி அடுக்கிய வாடகைக்காரரும் இதில் அடக்கம்.

கைகாட்டியதன் விலை என்ன என்பதை 2022 மே 13 அன்று டெல்லி முண்ட்காவில் பார்த்தோம். நான்கு மாடி வணிகக் கட்டடம். சிசிடிவி, ரவுட்டர் நிறுவனம் ஒன்று அங்கே வாடகைக்கு இயங்கியது. வெளியேற ஒரே வழி. தீ அந்த வழியை அடைத்துக்கொண்டது. கண்ணாடியை உடைத்துக் கயிறு பிடித்து இறங்கியவர்கள் பிழைத்தார்கள். 27 பேர் இறந்தார்கள். நிறுவனத்தை நடத்தியவர்களோடு கட்டட உரிமையாளரும் கைது செய்யப்பட்டார்.

நம் மதுரைக்கும் இந்தப் பாடம் உண்டு. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் பற்றிய தீ, அங்கே வாடகைக்கு இருந்த கடைகளுக்கு நடுவில்தான் எரிந்தது. மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்தது. அதன் பிறகே கோயிலுக்குள்ளிருந்த கடைகளை அகற்றும் வேலை நடந்தது. மக்கள் நடக்கும் இடத்தை வாடகைக்கு விடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அன்று ஊரே பார்த்தது.

தொழிற்சாலை என்ற வரையறைக்குள் வராத கடைகளும் அலுவலகங்களும்? நகர்ப்புறங்களில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், கட்டடத்தின் அமைப்புப் பழுது, குழாய் மாற்றுதல், மின் கம்பி வேலை ஆகியவற்றை உரிமையாளர் தலையில் வைக்கிறது. வாடகைத் தகராறு என்று சொல்லித் தண்ணீரையோ, படிக்கட்டு விளக்கையோ, லிஃப்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். ஊராட்சி எல்லையில் உள்ள கட்டடத்துக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன் 108வது பிரிவுப்படி, உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் அவர் செய்யாவிட்டால், வாடகைக்காரரே செய்து செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். ஆனால் "செய்ய வேண்டிய" பழுது எது என்பது ஒப்பந்தத்தில் இருந்தால்தான் இது கைகொடுக்கும். பதினொரு மாத ஒப்பந்தம் என்று பத்திர எழுத்தர் நீட்டும் அச்சுத்தாளில் பெரும்பாலும் அந்த வரி இருக்காது. மாடிப்படி, மீட்டர் போர்டு, மோட்டார், கழிப்பறை, மொட்டைமாடிக் கதவு ஆகிய ஐந்தும் யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.

செப்டிக் டேங்கைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் பொதுவானது, யாரும் நினைத்துப் பார்க்காதது. அது நிரம்பியதும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டு உள்ளே இறக்குகிறார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது குற்றம். அந்தச் சட்டம் சொல்லும் "எந்த நபரும்" என்பதில் கட்டட உரிமையாளரும் அடக்கம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரி வைத்து உறிஞ்சி எடுக்கும் செலவை மாடிக்காரர்கள் பங்கு போட்டால் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான் வரும். ஓர் உயிரைப் பணயம் வைக்க அது காரணமே இல்லை.

குறை இருந்தால் முதலில் உரிமையாளருக்குத் தேதியிட்டுக் கடிதம் எழுதுங்கள். நகல், படம், தபால் ரசீது மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் பிறகு நிற்காது. தொழிற்கூடமென்றால் மதுரையில் உள்ள தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அலுவலகத்துக்கும், கடை, அலுவலகமென்றால் தொழிலாளர் துறைக்கும் மனுக் கொடுக்கலாம். லிஃப்டுக்கு மின் ஆய்வுத் துறையின் உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம். சுவர் சாய்ந்தோ பால்கனி தொங்கியோ நிற்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம்: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152வது பிரிவின்படி, நிர்வாக நடுவர் அதை இடிக்கவோ சரிசெய்யவோ உத்தரவிடலாம். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106வது பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

வேலை போய்விடுமே என்று தொழிலாளர்கள் பேசத் தயங்குவது நியாயமான பயம்தான். ஆகவே ஒருவர் தனியாகப் போக வேண்டாம்; எல்லா மாடிக்காரர்களும் ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். நாளைக் காலை வேலைக்கு ஏறும்போது மொட்டைமாடிக் கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பாருங்கள். பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்று அன்றைக்கே கேளுங்கள்.