மெழுகில் எழுதிய கைகள்

சாவகம் என்னும் பெயர் தமிழிலக்கியம் பயின்றோர்க்குப் புதிதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் மறுபிறப்பெய்திப் புண்ணியராசனாய் ஆட்சி புரிந்த நாடு அது. அதனை இன்றைய யாவாத் தீவெனக் கொள்ளும் அறிஞரும் உளர். நூலிற் படித்த அந்நாட்டை நேரிற் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பலரும் நாடிச் செல்லும் பொரோபுதூர்ப் பெருந்தூபியைக் கண்டு மகிழ்ந்தபின், மறுநாட் காலை நான் சென்றது ஒரு சிற்றூருக்கு. கிரிலோயோ என்பது அதன் பெயர். 'பத்திக்' துணிக்குப் புகழ் பெற்ற ஊர்.

யோக்யகார்த்தா நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 17 கிலோமீற்றர் தொலைவில், இமோகிரிக் குன்றுகளின் அடிவாரத்தில் அவ்வூர் அமைந்திருக்கிறது. பெயரின் முற்பகுதியாகிய 'கிரி' நாமும் அறிந்த சொல்லே. குன்றின்மேல், 1632ஆம் ஆண்டிற் சுல்தான் அகூங் அமைக்கத் தொடங்கிய அரச கல்லறைகள் உள்ளன. அவற்றைப் பேணும் பணியில் ஆடவர் அமர்ந்தனர் என்றும், அவ்வழியே அரண்மனைத் தொடர்பு பெற்ற பெண்டிர் இக்கலையைக் கைக்கொண்டனர் என்றும் ஊரார் கூறுகின்றனர்.

துணையாக வந்த பல்கலைக்கழக மாணவர் என்னைத் திறந்த கொட்டகையொன்றுக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு மூதாட்டி தாழ்ந்த இருக்கையில் அமர்ந்திருந்தார். எதிரே மூங்கிற் சட்டத்தில் வெண்துணி தொங்கியது. அருகிற் சிற்றடுப்பில் மெழுகும் மரப்பிசினும் கலந்து உருகிக்கொண்டிருந்தன. அவர் கையிலிருந்த கருவி 'காந்திங்' எனப்படும். ஒரு பிடி, அதன் நுனியில் விரல்நுனியளவான செப்புக் கிண்ணம், கிண்ணத்திலிருந்து வளைந்து வரும் நுண்குழாய், இவ்வளவே. மெழுகை முகந்து, குழாயின் வாயை மெல்ல ஊதி, துணியை இடக்கையால் தாங்கிக்கொண்டு அவர் கோடிழுத்தார். கை நடுங்கவில்லை.

"இதனைத் 'துலிஸ்' என்பர், எழுத்து என்பது பொருள்" என்றார் மாணவர். எனக்கு வியப்பாயிருந்தது. நம் முன்னோரும் ஓவியத்தை 'எழுதுவது' என்றே வழங்கினரல்லவா?

முதல்நாள் நகரத்துக் கடையொன்றில் வாங்கிய பத்திக் சட்டையை அணிந்து, சற்றுப் பெருமிதத்துடனேயே நான் சென்றிருந்தேன். மூதாட்டி என்னை அருகழைத்து, சட்டையின் கீழ்விளிம்பைப் புரட்டிப் பார்த்தார். உட்புறம் வெளிறிக் கிடந்தது. அவர் சிரித்தபடி ஏதோ சொன்னார். "மெழுகு தொடாத துணி என்கிறார்" என்று மாணவர் தயங்கி மொழிபெயர்த்தார். கையால் எழுதும் துணியில் இருபுறமும் மெழுகிடுவர். ஆதலின் இருபுறமும் கோலம் தெளிவாய்த் தெரியும். என் சட்டையோ பொறியில் அச்சிட்ட போலி. எனக்கு நாணம் உண்டாயிற்று.

மெழுகு படிந்த இடத்திற் சாயம் ஏறாது. கலை முழுவதும் இவ்வொரு விதியிலேயே தங்கியிருக்கிறது. அவுரியின் நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடத்து மெழுகை நீக்கி, வேறிடத்தில் மெழுகிட்டு, மரப்பட்டைச் சாயத்தின் கபில நிறத்தில் மீண்டும் தோய்க்கின்றனர். அப்பட்டைகளுள் கண்டல் மரத்தின் பட்டையும் ஒன்று. முடிவிற் கொதிநீரில் இட, எஞ்சிய மெழுகும் உருகிப் பிரிய, கோலம் வெளிப்படுகிறது. நுண்ணிய வேலையாயின் ஒரு துணிக்கு மாதக்கணக்கும் ஆகும். கோலங்களுக்குப் பெயருண்டு, பொருளுமுண்டு. 'கவுங்' என்பது அங்குள்ள பனையினமொன்றின் காயைக் குறுக்கே வெட்டிய தோற்றம். நம்மூர் நுங்குக்கு மூன்று கண், இக்கோலத்தில் நான்கு. 'பராங்' ஒருகாலத்தில் அரச குடும்பத்தினர்க்கே உரியதாயிருந்தது. 'துருந்தும்' என்பதைத் திருமணத்தின்போது மணமக்களின் பெற்றோர் உடுப்பர்.

மூதாட்டி எழுதிக்கொண்டிருந்தது துருந்துமே. "அம்மா, இக்கோலத்தை எத்தனை முறை எழுதியிருப்பீர்கள்?" என்று வினவினேன்.

"எண்ணியதில்லை. ஆனால் நெடுங்காலம், நிறமேறிய பின் அவற்றில் ஒன்றையேனும் நான் கண்டதில்லை" என்றார்.

அவ்விடை என்னைத் திகைக்க வைத்தது. மாணவர் விளக்கினார். இவ்வூர்ப் பெண்டிர் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு மெழுகெழுதினர். எழுதிய துணி நகரத்து வணிகரிடம் சென்றது. சாயமேற்றியதும் விற்றதும் அங்கேதான். ஊதியத்திற் பெரும்பகுதி அங்கே தங்கிற்று. பெயரும் அங்கேயே தங்கிற்று.

2006ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி அதிகாலையில் அப்பிரதேசத்தைப் பூமியதிர்ச்சி உலுக்கிற்று. மாண்டோர் 5,700 பேருக்கும் அதிகம். கிரிலோயோவில் வீடுகள் இடிந்தன. "இடிபாட்டைக் கிளறியபோது என் காந்திங் மட்டும் முறியாமற் கிடைத்தது" என்றார் மூதாட்டி. உதவிக்கு வந்தோர் கட்டடங்களோடு நின்றுவிடவில்லை. பெண்கள் குழுக்களாய் இணைந்தனர். இயற்கைச் சாயமேற்றவும் தம் துணியைத் தாமே விற்கவும் பயின்றனர். தாம் எழுதிய துணியொன்றை முதன்முதலாகக் கொதிநீரிலிருந்து தூக்கியபோது அவர் அதனை விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாராம். "இதையா இத்தனை காலமும் எழுதினேன் என்று எண்ணினேன்" என்றார்.

2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தோனேசிய பத்திக்கை மானிட குலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிந்தது. ஆயினும், என் சட்டையைப் போன்றவை கடைகளில் மலிந்தே கிடக்கின்றன. மூதாட்டியின் பேத்திக்குக் காந்திங் பிடிக்கத் தெரியும். எனினும் அவள் நகரத்துக் கடையொன்றில் மாதச் சம்பளத்துக்குப் போகிறாள். "ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறாள்" என்று பாட்டி அவளுக்காகப் பரிந்து பேசினார்.

பின்னர் அவர் கேட்டார்: "உங்கள் நாட்டிலும் சாயத்தொழில் உண்டா?"

முற்காலத்திற் சோழமண்டலக் கரையிலிருந்து இத்தீவுகளுக்குச் சாயத்துணிகள் கப்பலேறி வந்ததைச் சொன்னேன். அவற்றின் செந்நிறத்துக்கு உதவிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தோண்டப்பட்டதையும், ஒல்லாந்தர் அதனைத் தம் வருவாய்க்கு உரியதாக்கியதையும் சொன்னேன். அவர் ஆவலுடன் கேட்டார்: "இப்பொழுது அவ்வேரைக் காய்ச்சுவோர் யார்?"

அத்தகைய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அவ்வாறே சொன்னேன். மூதாட்டி தலையசைத்துவிட்டு மீண்டும் மெழுகை முகந்தார்.

விடைபெறுமுன் சிறு துணியொன்றை வாங்கினேன். பேரம் பேச நா எழவில்லை. இன்று வீட்டுக்கு வருவோர் அதனைக் கண்டு வியந்தால், முதலில் அதன் மறுபுறத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். அதன்பின், ஓரத்தில் அவர் மெழுகால் எழுதிய தம் பெயரைக் காட்டுகிறேன்.