முதலில் வடிகட்டியைப் பாருங்கள்

ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின் 2007-இல் மாருதி ஸ்விஃப்டில் இந்தியச் சாலைகளுக்கு வந்தது. அப்போது அதன் சக்தி 75 குதிரைத்திறன். அதே 1,248 சிசி எஞ்சின் பின்னர் ஃபியட் லீனியாவில் 90-ஐத் தாண்டியது. சிலிண்டர் ஒரு மில்லிமீட்டர்கூடப் பெரிதாகவில்லை. டர்போ மாறியது, அதை ஆட்டிவைக்கும் மென்பொருளும் மாறியது.

டீசல் ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்களுக்கு வண்டியைத் தாங்களே மேம்படுத்திப் பார்க்கும் ஆசை இங்கேதான் துளிர்விடுகிறது. டர்போ இல்லாத பெட்ரோல் காரில் பத்துக் குதிரைத்திறன் கூட்டுவதே பெரும்பாடு. டர்போ டீசலில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, பழுதறிய உதவும் ஓபிடி துளையில் மடிக்கணினியைச் செருகி, எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவின் கணக்கை மாற்றி எழுதினால் போதும், சக்தி இருபது விழுக்காடும் அதற்கு மேலும் கூடும். இதைத்தான் 'ரீமேப்' என்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை நெருக்கிச் சூடேற்றி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். காமன் ரெயில் என்னும் பொதுக் குழாயில் 1,600 பார் அல்லது அதற்கும் மேலான அழுத்தத்தில் காத்திருக்கும் டீசல், ஒரே எரிப்பில் பல தவணைகளாக உள்ளே போகிறது. முதலில் சத்தத்தை அடக்க ஒரு துளி, பிறகு முக்கியப் பங்கு, தேவைப்பட்டால் கடைசியில் இன்னொரு துளி. ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்தக் கணத்தில் என்பதெல்லாம் ஈசியூவில் இருக்கும் அட்டவணைதான். சிலிண்டரில் காற்று எப்போதும் தேவைக்கு மிஞ்சியே இருப்பதால், எண்ணெயைக் கூட்டினால் சக்தி கூடிவிடுகிறது.

ஓர் எல்லைவரைதான். காற்று போதாமல் எண்ணெய் எரியும்போது கரி பிறக்கிறது. சைலன்சர் வழியே வரும் கறுப்புப் புகை அந்தக் கரிதான். அதைச் சக்தியின் அடையாளமாக எண்ணி மகிழ்பவர்கள் உண்மையில் எரியாமல் வீணாகும் எண்ணெயைப் பார்த்து மகிழ்கிறார்கள். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாகவே வகைப்படுத்திவிட்டது.

சிங்கப்பூரில் இந்த ஆசைக்கு வேறு தடைகளும் உண்டு. பெரும்பாலோர் வசிப்பது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில். காருக்குக் கிடைப்பது பொது நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம்தான்; சொந்தக் கொட்டகை இல்லை. எனவே பெரிய வேலைகள் சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் பட்டறைகளுக்குப் போகின்றன. எஞ்சின் அமைப்பையோ சைலன்சரையோ மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் குறுக்கே நிற்கின்றன. மூன்று வயதான கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதைத் தாண்டியது ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகவேண்டும். விரைவுச்சாலையிலும் அதிகபட்ச வேகம் 90 கிலோமீட்டர்தான். அந்த வேகத்துக்கு 75 குதிரைத்திறனே தாராளம்.

டீசல் காரையே இந்த ஊர் வழியனுப்பிக்கொண்டிருக்கிறது. 2017-இல் லிட்டருக்கு 10 காசு டீசல் வரி வந்தது. 2019-இல் அது 20 காசாயிற்று. 2025 ஜனவரி முதல் புதிய டீசல் கார், டாக்சி எதற்கும் பதிவு கிடையாது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டுமே 1,06,000 வெள்ளிக்குப் போன ஊரில், கையிலிருக்கும் டீசல் வண்டியைக் கெடாமல் காப்பதே பெரிய காரியம்.

மென்பொருளை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி, ஃபோக்ஸ்வேகன் மோசடி. அதைக் கண்டுபிடித்த குழுவில் ஒரு தமிழரும் இருந்தார். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவந்த சென்னைக்காரர் அரவிந்த் திருவேங்கடம், 2013-இல் சக ஆய்வாளர்களோடு கலிஃபோர்னியாவில் டீசல் கார்களின் பின்னால் அளவுக் கருவிகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில்வரை போய்த் திரும்பியதும் அந்தச் சோதனையில் அடக்கம். ஆய்வுக்கூடத்தில் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, சாலையில் அனுமதித்த அளவைப்போல் 35 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்கியது. சோதனை நடப்பதை மோப்பம் பிடித்து அப்போது மட்டும் சுத்தமாக ஓடும்படி ஈசியூ எழுதப்பட்டிருந்தது. 2015 செப்டம்பரில் உண்மை வெளிவந்தபோது, உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. காசு கொடுத்து ரீமேப் செய்யும் தனியாளும் அந்த அட்டவணையில்தான் கைவைக்கிறார். புகையை அளக்கும் கருவி கட்டிப் பார்க்காமல் விளைவு அவருக்கே தெரியாது.

ஆக, மேம்படுத்த வேண்டியது எது? டிபிஎஃப் என்கிற கரித்துகள் வடிகட்டி. சைலன்சர் பாதையில் தேன்கூடு போன்ற பீங்கான் உருளை ஒன்று இருக்கிறது. அதன் கண்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால் புகை சுவர்களின் நுண்துளை வழியாகத்தான் கசிந்து போகவேண்டும். கரி உள்ளேயே தங்கிவிடும். உருளைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மெல்லிய குழாய்கள் ஓர் அழுத்த உணரிக்குப் போகின்றன. இரு பக்க அழுத்தத்துக்கும் இடையே வித்தியாசம் கூடினால் வடிகட்டி நிறைகிறது என்று பொருள். அப்போது ஈசியூ கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும்.

இந்த எரிப்பு முடிய வண்டி நிற்காமல் ஓடவேண்டும். தோ பாயோவிலிருந்து தேக்காவுக்குக் காய்கறி வாங்க வந்து திரும்பும் காருக்கு அது வாய்ப்பதே இல்லை. சிராங்கூன் சாலை நெரிசலில் ஊர்ந்து, எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் பயணமே முடிந்துவிடும். எரிப்பு பாதியில் நின்றால், தாமதமாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். அந்த ஆயில் நீர்த்துவிட்டது. டர்போவின் தாங்கிகளைக் காக்காது. ஏற்கெனவே இப்படித் திணறும் வடிகட்டியின் தலையில், ரீமேப் இன்னும் கரியை ஏற்றிவைக்கிறது. வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிடும் பட்டறைகளும் உலகெங்கும் உண்டு. அதை மேம்பாடு என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் கரி பக்கத்து வண்டியில் போகிறவரின் நுரையீரலுக்குப் போகிறது.

வண்டிக்காரர் தாமே செய்யக்கூடியவை எளிமையானவை, மலிவானவையும்கூட. ஓபிடி துளையில் புளூடூத் கருவி ஒன்றைச் செருகினால், பல கார்களில் வடிகட்டியின் அழுத்த வித்தியாசத்தைக் கைபேசியிலேயே படிக்கலாம். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த வகை ஆயிலையே ஊற்றவேண்டும். கரியை எரிக்கலாம், ஆயில் விட்டுச்செல்லும் சாம்பலை எரிக்க முடியாது. காற்று வடிகட்டியைக் காலத்தில் மாற்றலாம். நல்ல டயரும் பிரேக் பட்டையும் 90 கிலோமீட்டர் ஊரில் எந்த ரீமேப்பையும்விடப் பயன் தருபவை.

உங்களிடம் டீசல் ஹேட்ச்பேக் இருந்தால், மடிக்கணினிக்காரரைக் கூப்பிடுமுன் வாரம் ஒருமுறை அதைத் தீவு விரைவுச்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓடவிடுங்கள். திரும்பியதும் எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த சர்வீஸ்வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.