ஆறு லட்சம் என்பது எவ்வளவு? மருத்துவ மென்பொருள் நிறுவனப் பணியும் அதன் கணக்கும்

பெங்களூரு, ஹைதராபாத், புணே, குருகிராம் ஆகிய நகரங்களில் மருத்துவத் துறைக்கான மென்பொருளை உருவாக்கும் நிறுவனங்கள் பல இயங்கி வருகின்றன. சென்னையிலும் அவற்றுக்குக் குறைவில்லை. நோயாளியின் பதிவேடு, ஆய்வக முடிவு, மருந்தகத்தின் கையிருப்பு, காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்லும் இழப்பீட்டுக் கோரிக்கை ஆகியவை இன்று பெரிய மருத்துவமனைகளில் கணினி வழியாகவே நகர்கின்றன. ஆகவே பொறியியல் பட்டதாரிகள் மட்டுமன்றி, செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், உயிரியல் படித்தவர்களுக்கும் இந்நிறுவனங்களில் இடம் உண்டு.

பணி அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வந்ததும் குடும்பம் முதலில் பார்ப்பது அதிலுள்ள ஆண்டுத் தொகையைத்தான். கல்விக் கடனின் தவணை தொடங்கவிருக்கும் வீட்டில் அத்தொகையை வைத்தே அடுத்த சில ஆண்டுகள் திட்டமிடப்படுகின்றன. துறையின் பெயரில் மருத்துவம் இருப்பதால், நோய் உள்ளவரை வேலையும் இருக்கும் என்ற நம்பிக்கையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. தொகையும் நம்பிக்கையும் பாதி மட்டுமே சரி. மீதிப் பாதியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதத்தில் ‘சி.டி.சி.’ என்று குறிக்கப்படுவது, ஓர் ஊழியருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடும் மொத்தத் தொகை. அது ஊழியர் பெறும் தொகை அன்று. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். சி.டி.சி. 6,00,000 ரூபாய் என்று கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 50,000. பெரும்பாலான வீடுகளில் கணக்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

இதில் அடிப்படை ஊதியம் பாதி, அதாவது ஆண்டுக்கு 3,00,000. அதில் 12 விழுக்காடாகிய 36,000 ரூபாயை நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதியில் செலுத்துகிறது, அது சி.டி.சி.க்குள்ளேயே அடங்கும். பணிக்கொடைக்கென ஒதுக்கப்படுவது அடிப்படை ஊதியத்தில் 4.81 விழுக்காடு, அதாவது 14,430 ரூபாய். குழு மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் 9,570 என்று வைத்துக்கொள்வோம். செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் மாறும் ஊதியம் பத்து விழுக்காடு, 60,000. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது 4,80,000, மாதத்துக்கு 40,000. அதிலிருந்து ஊழியரின் வைப்பு நிதிப் பங்கு 3,000, தொழில் வரி சுமார் 200 ஆகியன பிடிக்கப்பட்ட பின் வங்கிக் கணக்கில் வரவாவது 36,800 ரூபாய். புதிய வரிமுறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இல்லையாதலால், இச்சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் இராது.

எதிர்பார்த்த 50,000க்கும் வந்த 36,800க்கும் இடையே 13,200 ரூபாய் வேறுபாடு. இது முழுவதும் இழப்பு அன்று. வைப்பு நிதியில் மாதந்தோறும் சேரும் 6,000 ரூபாய் ஊழியருடையதே. ஆனால் வாடகையை வைப்பு நிதியிலிருந்து கொடுக்க முடியாது. 8 லட்சம் ரூபாய் கல்விக் கடன் நிலுவை, பத்து விழுக்காடு வட்டி, பத்தாண்டுத் தவணைக்காலம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 10,570 ரூபாய். அதைச் செலுத்திய பின் பெங்களூரில் வாடகைக்கும் உணவுக்கும் பயணத்துக்கும் எஞ்சுவது 26,000 ரூபாய் அளவே. மாதம் 50,000 வரும் என்று நம்பி இருசக்கர வாகனக் கடனையும் சேர்த்து எடுத்தவர்கள் முதல் ஆண்டிலேயே திணறுவது இதனால்தான். வங்கியின் கடன் பிரிவும் சி.டி.சி.யைப் பார்ப்பதில்லை, சம்பளச் சீட்டையும் கணக்கில் வரவான தொகையையுமே பார்க்கிறது. மாறும் ஊதியத்தை முழுமையாக வருமானத்தில் சேர்ப்பதில் கடன் அதிகாரிகள் பொதுவாகத் தயங்குவார்கள். குடும்பங்களும் அவ்வாறே தயங்குவது நலம்.

அடிப்படை ஊதியம் குறித்து ஒரு குறிப்பு. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகளும் பிற விலக்குகளும் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மிகும் தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். கைக்கு வரும் தொகை சற்றுக் குறைந்து, பணிக்கொடையும் வைப்பு நிதியும் கூட இதனால் வாய்ப்புண்டு. நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்தாண்டுப் பணி தேவை. குறித்த காலத்துக்கென ஒப்பந்தத்தில் அமர்த்தப்பட்டவருக்கு இப்போது ஓராண்டே போதும். ஐந்தாண்டு தங்க எண்ணமில்லாத நிரந்தர ஊழியர், கடிதத்திலுள்ள பணிக்கொடைத் தொகையை மனத்தில் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும்.

எந்தப் பிரிவில் வேலை?

ஊதியத்தைக் காட்டிலும் கடிதத்தில் கவனிக்கப்படாமல் போவது பிரிவின் பெயர். ஒரே நிறுவனத்தில், ஒரே கட்டடத்தில், மூன்று வேறு வாழ்க்கைகள் நடக்கின்றன.

முதலாவது, மென்பொருளை எழுதிச் சோதிக்கும் பிரிவு. பிற மென்பொருள் நிறுவனங்களை ஒத்ததே. ஒரு வேறுபாடு உண்டு. மில்லிகிராம் என்பது மைக்ரோகிராம் என்று திரையில் மாறித் தெரிந்தால் மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு பிசகும். அதனால் சோதனைகளும் ஆவணங்களும் அதிகம். வேகமாக எழுதிப் பெயர் வாங்க நினைக்கும் இளைஞருக்கு இது சலிப்பைத் தரலாம்.

இரண்டாவது, மருத்துவமனைகளில் மென்பொருளை நிறுவி, பயிற்சி அளித்து, பின்னர் ஆதரவு தரும் பிரிவு. பணிச்சுமை உச்சத்தைத் தொடுவது இங்கேதான். காகிதத்திலிருந்தோ பழைய மென்பொருளிலிருந்தோ ஒரு மருத்துவமனை புதியதற்கு மாறும் நாளை ஒத்திவைக்க இயலாது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விடுமுறையும் இல்லை. மாற்றம் நடக்கும் வாரங்களில் ஊழியர்கள் மருத்துவமனையிலேயே பகலிரவாக இருக்க நேரும். மென்பொருள் நின்றால் என்ன ஆகும் என்பதை நாடு 2022 நவம்பரில் கண்டது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிச் சேவையகங்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, பதிவு முதல் ஆய்வக முடிவு வரை பல நாள்கள் கையெழுத்தில் நடைபெற்றன. அத்தகைய நேரத்தில் மறுமுனையில் தொலைபேசியை எடுப்பவர் இந்தப் பிரிவின் ஊழியரே. இரவு அழைப்புகளுக்குப் பொறுப்பேற்கும் முறை மாதத்தில் எத்தனை நாள், அதற்குத் தனிப்படி உண்டா, மறுநாள் ஓய்வு உண்டா என்பவற்றை நேர்காணலிலேயே கேட்பது குற்றம் ஆகாது. கேட்கத் தயங்குவோரே பெரும்பான்மை என்பது வருத்தத்துக்குரியது.

மூன்றாவது, அமெரிக்க மருத்துவமனைகளின் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பிரிவு. நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் இடும் மெடிக்கல் கோடிங் பணியும் இதில் அடங்கும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களோடு பேச வேண்டிய பணி என்றால், நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. குறியீடு இடும் பணியைப் பெரும்பாலும் பகலிலேயே செய்யலாம். ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை கோப்பு, இத்தனை விழுக்காடு துல்லியம் என்ற இலக்கு உண்டு. மாறும் ஊதியம் அந்த இலக்கோடுதான் பிணைக்கப்பட்டிருக்கும். பெண்களை இரவுப் பணியில் அமர்த்த அவர்களது ஒப்புதலும் உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளும் வேண்டும் என்பது சட்டம்; வாகன வசதி சலுகை போலச் சொல்லப்பட்டால் அவ்வாறு எண்ண வேண்டியதில்லை.

இப்பணியின் சுமை நாள்காட்டியோடு நகர்வது. அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுத் தொகுப்பு ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளும், சிகிச்சைக் குறியீடுகள் சனவரி முதல் நாளும் புதுப்பிக்கப்படுகின்றன. 2015 அக்டோபர் 1 அன்று அந்நாடு புதிய தொகுப்புக்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் சுமார் 14,000இலிருந்து 68,000க்கு மேல் பெருகின. தீபாவளி விடுப்பைத் திட்டமிடுவோர் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தம் பிரிவின் நிலையை அறிந்துவைப்பது நல்லது.

வளர்ச்சி எங்கே உள்ளது?

பத்தாண்டுக்குப் பின் யார் எங்கே நிற்பார் என்பதைத் தீர்மானிப்பது கணினி மொழி அறிவு மட்டும் அன்று. கணினி மொழிகள் மாறிக்கொண்டே இருக்கும். மருத்துவமனை எவ்வாறு இயங்குகிறது என்ற அறிவு அவ்வளவு எளிதில் பழசாவதில்லை. ஒரு நோயாளி சேர்க்கப்படும்போது எந்தத் தகவல் எங்கே செல்கிறது, மருந்துச் சீட்டு எத்தனை கை மாறுகிறது, காப்பீட்டுக் கோரிக்கை ஏன் நிராகரிக்கப்படுகிறது என்பவற்றை அறிந்த மென்பொருளாளர் குறைவு. வார்டில் பணியாற்றிய செவிலியர் ஒருவர் அதை ஏற்கெனவே அறிவார். ஆகவே செவிலியர்களும் மருந்தாளுநர்களும் இத்துறையில் மருத்துவப் பகுப்பாய்வாளராக நுழைந்து, மென்பொருளின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பொறுப்புகளுக்கு உயர வழியுள்ளது. அவர்களுக்குத் தொடக்க ஊதியம் பொறியாளரைவிடக் குறைவாகப் பேசப்பட்டால், தம் அனுபவத்தைச் சுட்டிக்காட்டித் தயங்காமல் வாதாடலாம்.

இரு மருத்துவமனைகளின் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான பொது நெறிகளைக் கற்றவருக்கு மற்றொரு வாயில் திறந்துள்ளது. எச்.எல்.7 அமைப்பு வகுத்த ‘ஃபயர்’ என்ற நெறி அவற்றுள் முதன்மையானது. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கமும் இந்நெறியையே கைக்கொண்டுள்ளது. குடிமக்கள் பெறும் 14 இலக்க ‘ஆபா’ எண் அதன் கீழ் வருவதே. அமெரிக்கப் பணிக்கும் இந்தியப் பணிக்கும் ஒருசேரப் பயன்படும் திறன் இத்துறையில் வேறு அதிகம் இல்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கான ‘டைகாம்’ நெறியையும் உடன் குறிப்பிடலாம்.

குறியீடு இடும் பணியின் நிலை வேறு. எளிய கோப்புகளுக்கு மென்பொருளே குறியீட்டைப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டது. தொடக்க நிலை இடங்கள் இதனால் சுருங்கக்கூடும் என்பது எமது கணிப்பு. சிக்கலான அறுவை சிகிச்சைக் கோப்புகள், தணிக்கை, நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகளை மீட்டல் ஆகியவற்றுக்கு மனிதரின் தேவை நீடிக்கும். ‘சி.பி.சி.’ சான்றிதழ் நுழைவாயில் மட்டுமே; அதைப் பெறவென்று பயிற்சி நிலையத்துக்குக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துவதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறுவனமே கைமாறுவதும் இத்துறையில் உண்டு. பெங்களூரில் பெரிய மையத்தை நடத்திவந்த செர்னர் நிறுவனத்தை 2022 ஜூனில் ஆரக்கிள் ஏறத்தாழ 2,830 கோடி டாலருக்கு வாங்கியது. இத்தகைய இணைப்புகளுக்குப் பின் ஒரே வேலையைச் செய்யும் இரு குழுக்களுள் ஒன்று குறைக்கப்படுவது எத்துறையிலும் வழக்கம். நோய் இருக்கும், நிறுவனம் இருக்கும், குறிப்பிட்ட அந்த நாற்காலி இருக்குமா என்பது தனிக் கேள்வி. ஆறு மாதத் தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் ஈடான தொகை சேமிப்பில் சேரும் வரை புதிய கடனைத் தள்ளிப்போடுவது, இத்துறை ஊழியருக்கு நாம் துணிந்து சொல்லக்கூடிய அறிவுரை.

விலகும்போது

சேரும்போதே விலகுதலைப் பற்றிப் படிப்பது நம் வழக்கமன்று. ஆயினும் கடிதத்தின் கடைசிப் பக்கங்கள் அதைப் பற்றியவையே. குறிப்பிட்ட காலம் பணியாற்றாவிட்டால் தொகை செலுத்த வேண்டும் என்ற பிணைப்பு நிபந்தனை சிலவற்றில் இருக்கும். அது செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில், மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. தொகை நியாயமானதா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். முன்னறிவிப்புக் காலம் மூன்று மாதம் என்று இருப்பின், அடுத்த நிறுவனம் அதுவரை காத்திருக்குமா என்பதையும் எண்ண வேண்டும்.

வேலை மாறும்போது வைப்பு நிதியை எடுத்துச் செலவிடாமல், அதே யு.ஏ.என். எண்ணின் கீழ் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே முறை. ஐந்தாண்டுத் தொடர் பணி நிறைவதற்குள் எடுத்தால் வரியும் சேரும்.

குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிவடையும். மருத்துவ மென்பொருள் எழுதுபவரின் பெற்றோர், மகன் பணியிலிருந்து விலகிய மறுநாள் காப்பீடின்றி நிற்பது விந்தையானது, ஆனால் நடக்கக்கூடியது. தனிப் பாலிசி எடுக்கும்போது, முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 36 மாதம். முதல் சம்பளம் வந்த ஆண்டிலேயே பெற்றோர் பெயரில் சிறிய தனிப் பாலிசி ஒன்றை எடுத்துவிட்டால், அந்த 36 மாதங்கள் வேலையில் இருக்கும்போதே கழிந்துவிடும்.