வழக்கறிஞரும் சமூக ஊடகமும்



விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தில் எட்டும் இராசபாளையத்திலும் நீதிமன்றங்கள் உண்டு. இவ்விரண்டு ஊர்களிலும் வழக்காடுவோருக்கு மேல்முறையீட்டு மன்றமாக விளங்குவது, 2004ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையாகும். அதற்கும் மேலே தில்லியில் உச்சநீதிமன்றம் உள்ளது. அங்கே இன்று காலை உரைக்கப்படும் ஒரு தீர்ப்பு, இங்கே நாளைக் காலை நடைபெறும் ஒரு வழக்கின் போக்கையே மாற்றிவிடலாம். அச்செய்தி வழக்கறிஞருக்கு உரிய காலத்தில் எட்டுகிறதா என்பதே நம் வினா.

நான் சட்டம் பயின்றவன் அல்லேன். ஆசிரியப் பயிற்சி பெற்று, பள்ளியில் பாடம் சொல்லி, தலைமையாசிரியனாய் ஓய்வு பெற்றவன். என்னிடம் பயின்றோர் சிலர் இன்று கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் செல்கின்றனர். அவர்கள் கைப்பேசியை ஓயாது நோக்குவதைக் கண்டு, 'இது வீண்பொழுது' என்பர் பெரியோர் சிலர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை ஆராய்வோம்.

வழக்கறிஞர்கள் ஒன்றுகூடிச் செய்தி பரிமாறிக்கொள்வது புதிய வழக்கம் அன்று. 1888ஆம் ஆண்டில் சென்னை மயிலாப்பூரில் வழக்கறிஞர் சிலர் சனிக்கிழமைக் கழகம் என்றொரு கூட்டம் அமைத்துத் தம் தொழில் பற்றி உரையாடினர். அக்கூட்டத்தின் பயனாக 1891இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்னும் திங்கள் ஏடு பிறந்தது. அக்காலத்துச் சனிக்கிழமைக் கூட்டம் செய்த வேலையையே இக்காலத்து வாட்ஸ்அப் குழுவும், லிங்க்டுஇன் தளமும், எக்ஸ் தளமும், யூடியூபும் செய்ய வல்லன. அன்று மயிலாப்பூரில் வாழ்ந்தோர்க்கே கிட்டிய வாய்ப்பு இன்று இராசபாளையத்து இளைஞருக்கும் கிட்டுகிறது. வேற்றுமை இதுவே.

செய்தி அறிவதால் விளையும் பயனுக்கு ஒரு சான்று கூறுவேன். இராசபாளையம் நூலும் மருத்துவக் கட்டுத்துணியும் விற்கும் ஊர். வெளியூர் வணிகர் கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் சிறு வியாபாரி என் செய்வார்? திரும்பிய செய்தி அறிந்த 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் வாராவிடில், அதன்பின் ஒரு திங்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எந்த ஊரில் தொடுப்பது? காசோலை கொடுத்தவரது வங்கிக் கிளை உள்ள ஊரில்தான் என்று 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓராண்டு நிறையுமுன், 2015 சூன் 15 முதல், அந்நிலை சட்டத்தால் மாற்றப்பட்டது. பணம் பெற வேண்டியவர் தம் கணக்கில் காசோலையைச் செலுத்தினால், அவரது கணக்குள்ள கிளையின் எல்லைக்குள்ளேயே வழக்குத் தொடுக்கலாம் என்றாயிற்று. இம்மாற்றத்தை அறியாத வழக்கறிஞர், கட்சிக்காரரைத் தொலைதூர நகரத்துக்கு வீணே அலையவிட்டிருப்பார். அலைச்சலும் செலவும் தாங்காத சிறு வியாபாரி, பணத்தையே கைவிட்டிருக்கவும் கூடும்.

பொருள் இழப்பினும் கொடியது உரிமை இழப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச்சு 24ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. எனினும், இல்லாத அப்பிரிவின் கீழ் மக்கள்மீது தொடர்ந்து வழக்குகள் பதியப்பட்டு வருவதை 2021இல் அறிந்து அம்மன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. 2022 அக்டோபரில் மீண்டும் ஓர் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது. இறந்துபோன சட்டம் ஏழாண்டுகள் நடமாடியதற்குக் காரணம் செய்தி பரவாமையே அன்றோ? தீர்ப்பு வெளிவந்த நாளிலேயே அதனை அறிந்த ஒரு வழக்கறிஞர் அருகில் இருப்பாராயின், குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞர் எத்தனை இரவுகள் நிம்மதியாக உறங்கியிருப்பார்!

ஆயினும், வந்த செய்தியெல்லாம் சட்டமாகிவிடாது. மாணவர்களுக்கு நான் கற்பித்த முறையிலேயே நான்கு வினாக்களைக் கூறுகிறேன். முதலாவது, சொன்னது எந்த நீதிமன்றம்? மதுரைக் கிளையின் தீர்ப்பு நம் மாவட்ட நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். பிறமாநில உயர்நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துக்காட்டலாம், ஆனால் அது கட்டுப்படுத்தாது. இரண்டாவது, அது எழுதப்பட்ட ஆணையா, நீதிபதி விசாரணையின்போது வாய்மொழியாகக் கூறிய கருத்தா? வாய்மொழிக் கருத்து செய்தியாகலாம், சட்டமாகாது. மூன்றாவது, அத்தீர்ப்பின் நாள் யாது? பின்னர் அதற்குத் தடை வந்துள்ளதா? நான்காவது, முழுத் தீர்ப்பையும் நாம் படித்தோமா? உச்சநீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023 சனவரி முதல் இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கிறது. ஆகவே, படிக்க இயலவில்லை என்று கூறுதற்கு இடமில்லை. 2023இல் நியூயார்க் நகரத்தில் வழக்கறிஞர் இருவர், செயற்கை நுண்ணறிவுப் பொறி புனைந்து தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினர். அதற்காக 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பெற்றது. மூலத்தைக் காணாது முன்மொழிந்தால் வரும் கேடு இதுவாகும்.

அடுத்து, நட்பு வட்டம். பரம்பரை வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளைக்குத் தந்தையின் அலுவலகமும், மூத்தோரின் அறிமுகமும் பிறப்பிலேயே கிடைக்கின்றன. தம் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் பயின்ற ஒரு நெசவாளர் மகளுக்கு இவை இல்லை. அவருக்குச் சமூக ஊடகம் ஒரு வாயில். சூரத்திலோ கோவையிலோ தம் கட்சிக்காரர்மீது வழக்கு வந்தால், அவ்வூரில் நம்பத்தக்க வழக்கறிஞரை அதன்வழித் தேடலாம்; மூத்தோரிடம் ஐயம் தெளியலாம். கேட்பவர் கொடுப்பவராகவும் இருத்தல் வேண்டும். வாரம் ஒரு தீர்ப்பை எளிய தமிழில் பத்து வரியில் எழுதிச் சக வழக்கறிஞர்க்கு அளிப்பாராயின், ஓராண்டில் அவர் பெயரைப் பலர் மதிப்புடன் அறிவர். எழுதுவதற்காகப் படிப்பதே அவருக்குப் பெரும் பயிற்சியுமாகும்.

இங்கே ஒரு வரம்பு உண்டு. வழக்குத் தேடி விளம்பரம் செய்வதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி தடுக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு எண், கல்வித்தகுதி, பயிலும் துறை ஆகிய விவரங்களை மட்டும் தம் இணையதளத்தில் தருவதற்கு 2008இல் இசைவு வழங்கப்பட்டது. இணைய நிறுவனங்கள் வழியே விளம்பரம் தேடும் வழக்கறிஞர்மீது நடவடிக்கை எடுக்குமாறு 2024 சூலை 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் பணித்தது. 'வென்ற வழக்குகள் இத்தனை; இன்றே அழையுங்கள்' என்று படத்துடன் வெளியிடுவது இவ்விதிக்கு மாறானது. இதன் நோக்கம் யாதெனில், மகன் கைதானதால் கலங்கி நிற்கும் ஒரு தாய், திறமையைக் கண்டன்றி ஆரவாரத்தைக் கண்டு ஏமாறலாகாது என்பதாகும்.

எல்லாவற்றினும் மேலானது இரகசியம். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடலாகாது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவும் இதற்குக் காவலாக நிற்கிறது. 'பெயரைச் சொல்லவில்லையே' என்று சிலர் அமைதி கொள்வர். பெருநகரத்தில் அது பொருந்தலாம். நம்மைப்போன்ற ஊர்களில் தெருவின் பெயரும் தொழிலும் தெரிந்தால் போதும், ஆளைக் கண்டுகொள்வர். குழந்தைகள் துன்புறுத்தப்பட்ட வழக்குகளில் அடையாளம் வெளியாவது சட்டப்படி குற்றமே. ஐயம் கேட்கும்போது சட்டப் பகுதியை மட்டும் கேட்டு, ஊரையும் உறவையும் நீக்கிவிடுதல் நன்று. வழக்கு ஆவணங்களின் படத்தைக் குழுவில் அனுப்பவே வேண்டா.

சினத்தில் எழுதுவதும் தீது. இரண்டு ட்வீட்டுகளுக்காக ஒரு வழக்கறிஞர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, 2020 ஆகஸ்டில் ஒரு ரூபாய் தண்டம் விதிக்கப்பெற்றதை நாடு அறியும். அத்தீர்ப்பைப் பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு. எனினும், தீர்ப்பை ஆராய்ந்து மறுப்பது வேறு, நீதிபதியின் நோக்கத்தைப் பழிப்பது வேறு என்பதை இளைஞர் உணர்ந்து எழுதுவாராக.

முடிவாக, காலையில் நீதிமன்றம் செல்லுமுன் கால்மணியும், மாலையில் கால்மணியும் செய்திக்கென ஒதுக்குக. பின்பற்றத் தக்க பத்துப் பதினைந்து தளங்களைத் தேர்ந்து, ஏனையவற்றை விலக்குக. பயனுள்ள தீர்ப்பைக் கண்டதும் மூலத்தைப் படித்து, குறிப்பேட்டில் நாளும் எண்ணும் எழுதி வைக்க. ஊடகம் வழக்கறிஞருக்குக் கருவியே ஆகும். நீதிமன்றப் படியில் காத்திருக்கும் ஏழையின் வழக்கு அதனால் ஒரு நாளேனும் விரைவில் முடியுமானால், கைப்பேசியில் செலவிட்ட பொழுது வீண்பொழுதன்று.